உடலுக்கேற்ற துவிச்சக்கரவண்டி: கணினித் திரையில் ஒரு கேத்திரகணிதப் பாடம்

 

எமது பாடசாலையின் ஆண்டுவிழா மலரிலே வழமையாக இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதிவந்த நாம், இவ்வாண்டு துவிச்சக்கரவண்டியைப் பற்றி எழுத முனைந்துள்ளோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலிற் கூறிவிடுகின்றோம்.

கடந்த இலையுதிர்காலத்திலே சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பதினான்கு வயது மாணவி ஒருத்தி, "சேர், முழங்கால் நோகுது" என்றாள். அவள் ஓடிவந்தது அவளுடைய அண்ணனின் சைக்கிள். அண்ணன் மேற்படிப்புக்காக வேறு நகரம் சென்றுவிட்டமையால், நல்ல வண்டி வீணாகக் கிடக்கக்கூடாதென எண்ணிய தந்தையார், ஆசனத்தை இயன்றளவு பதித்து மகளிடம் கொடுத்திருந்தார். நாம் அதனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "உம்முடைய வயதில் நாங்கள் பாருக்குக் கீழே காலை விட்டு ஓடினவர்கள், பிள்ளை. இதற்கெல்லாம் நோகுதென்று சொல்லலாமோ?" என்று கூறி அனுப்பிவிட்டோம். இரண்டு கிழமைகளின் பின்னர் அவள் மணிக்கட்டிலே கட்டுடன் வந்தாள். சமிக்ஞை விளக்கருகே வண்டியை நிறுத்தி இறங்கியபோது, பார் அவளுடைய காலுக்கு மேலான உயரத்தில் இருந்தமையால் வண்டியோடு சரிந்து விழுந்திருக்கின்றாள்.

பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்திலே கணிதம் கற்பித்த நாம், ஒரு நாடாவை எடுத்து அளந்து பாராமற் பேசியதையிட்டு வெட்கமடைந்தோம். அதன் பின்னர் மேல்வகுப்பு மாணவரைச் சேர்த்துக்கொண்டு ஒரு மாதகாலமாகக் கணினியில் வரைந்து கற்றுக்கொண்டவற்றையே இங்கு தருகின்றோம்.

எமக்குத் தெரிவு இருக்கவில்லை

1990களிலே பொருளாதாரத் தடையினால் எரிபொருள் அரிதாகிய யாழ்ப்பாணத்தில், துவிச்சக்கரவண்டியே எமது பேருந்து, அதுவே சுமையூர்தி, சில வேளைகளில் அதுவே நோயாளர் வண்டி. மின்சாரம் இல்லாத இரவுகளிலே சில்லைக் கையாற் சுழற்றி, தைனமோவின் மின்னோட்டத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, பதினான்கு வயதில் நாம் தள்ளிச் சென்றதும் எமது தந்தையாரின் உயர்ந்த சைக்கிளைத்தான். அது எமது உடலுக்கு ஏற்றதா என எவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய காலமும் அதுவன்று.

ஆயினும் அன்று தெரிவின்றிச் செய்ததை இன்று பெருமையாக்கி, தெரிவுள்ள எமது பிள்ளைகள் மீது சுமத்துவது முறையாகாது. டென்மார்க்கிலே எமது சிறார்கள் ஆண்டு முழுவதும், எதிர்க்காற்றிலும் மழையிலும், சைக்கிளிலேயே பாடசாலை செல்கின்றனர். அளவு பிழைத்த வண்டி ஒவ்வொரு மிதியிலும் உடலை வருத்தும்.

சட்டகம் என்றால் என்ன?

வண்டியின் குழாய்களாலான எலும்புக்கூட்டையே சட்டகம் என்கிறோம். பிறேம் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். 1870களில் வழக்கிலிருந்த பெருஞ்சில்லு வண்டிகளிலே மிதிகள் முன்சில்லின் அச்சிலேயே பூட்டப்பட்டிருந்தன. ஆகவே ஓட்டுபவரின் கால் நீளத்துக்கேற்பச் சில்லின் அளவைத் தெரிவுசெய்தனர். 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பவர் உருவாக்கிய 'றோவர்' வண்டி, சங்கிலியினாற் பின்சில்லைச் சுழற்றியது. அன்று முதல் சில்லின் அளவுக்கும் கால் நீளத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. உடலுக்கேற்ப அமைய வேண்டிய பொறுப்பு சட்டகத்தின்மேல் விழுந்தது.

இன்றும் கடைகளிலே வண்டியைச் சில்லின் அங்குலக் கணக்கிற் கேட்கும் பழக்கம் பெற்றோரிடம் உண்டு. பெரியவர் வண்டிகளைப் பொறுத்தவரை அது பெரிதும் பயனற்ற கேள்வியாகும். ஒரே அளவான சில்லுகளைக் கொண்ட இரு வண்டிகளின் சட்டகங்கள் முற்றிலும் வேறுபட்டவையாக இருக்கலாம்.

எங்கிருந்து அளப்பது?

கேத்திரகணிதத்திலே ஓர் உற்பத்திப் புள்ளி இன்றி ஆள்கூறுகள் இல்லை. சைக்கிளுக்கு அந்த உற்பத்திப் புள்ளி, மிதித்தண்டுகள் இரண்டும் சுழல்கின்ற நடு அச்சாகும். இதனை மிதியச்சு என்று அழைப்போம். உடல் வண்டியைத் தொடும் இடங்கள் மூன்று: பாதம், ஆசனம், கை. பாதத்தின் வட்டத்துக்கு நடுப்புள்ளி மிதியச்சு. ஏனைய இரண்டும் அதிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு முன்னே அல்லது பின்னே உள்ளன என்பதே முழுப் பிரச்சினையும் ஆகும்.

மிதியச்சிலிருந்து, கைபிடி பூட்டப்படும் தலைக்குழாயின் உச்சி வரையுள்ள நிலைக்குத்து உயரத்தைத் தயாரிப்பாளர் 'ஸ்ராக்' என்பர். கிடைத்தூரத்தை 'றீச்' என்பர். எமது மாணவர் இவற்றுக்கு முறையே தலையுயரம், முன்னீட்டம் எனப் பெயரிட்டனர். அளவுப் பட்டியல்களிலே முதலிற் பார்க்கவேண்டியவை இவ்விரண்டுமே.

முதலாவது படி: கால்

மாணவியைக் காலணியின்றிச் சுவரோடு நிமிர்ந்து நிற்கச் செய்து, தடித்த அட்டையுள்ள புத்தகமொன்றைக் கால்களுக்கிடையில் மேலே அழுத்திப் பிடிக்கச் சொல்லி, நிலத்திலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அவளுடைய தாயார் அளந்தார். மூன்று முறை அளந்து சராசரி கண்டதில் உட்கால் நீளம் 74 சென்ரிமீற்றர்.

ஆசன உயரத்துக்கு இரு கணக்குகள் பெயர்பெற்றவை. ஒன்று, தூர் த பிரான்ஸ் ஓட்டத்தை மூன்று முறை வென்ற அமெரிக்க வீரர் கிறெக் லெமொண்ட் பரப்பியது: உட்கால் நீளத்தை 0.883 ஆற் பெருக்கினால் மிதியச்சிலிருந்து ஆசனத்தின் மேற்பரப்பு வரையுள்ள தூரம் கிடைக்கும். மற்றையது, 1967இல் ஹம்லி, தோமஸ் என்னும் ஆய்வாளர் வெளியிட்டது: தாழ்ந்த நிலையிலுள்ள மிதியிலிருந்து ஆசனம் வரையுள்ள தூரம் உட்கால் நீளத்தின் 109 சதவீதமாக இருத்தல் வேண்டும்.

முதற் கணக்கின்படி 74 × 0.883 = 65.3 சென்ரிமீற்றர். இரண்டாவதன்படி 74 × 1.09 = 80.7, இதிலிருந்து மிதித்தண்டின் நீளமாகிய 16.5ஐக் கழித்தால் 64.2. இரண்டு விடைகளுக்கும் ஒரு சென்ரிமீற்றரளவு வேறுபாடு உண்டு. சூத்திரம் தருவது தொடக்கமேயன்றி முடிவன்று என்பதை மாணவர் இங்கே கண்டுகொண்டனர். நடுவெடுத்து, முழுவெண்ணாக 65 சென்ரிமீற்றர் எனக் கொண்டோம். அவளுடைய வண்டியில் இத்தூரம் 57 ஆக இருந்தது! எட்டுச் சென்ரிமீற்றர் தாழ்ந்த ஆசனத்தில் முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கியது. நோவுக்கு வேறெங்கும் காரணம் தேடவேண்டியிருக்கவில்லை.

பெற்றோர்களே, இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஆசனத்தில் இருந்தபடியே இரு பாதங்களும் நிலத்தில் முழுமையாகப் படியவேண்டுமென்று பலர் ஆசனத்தைப் பதிக்கின்றனர். புதிதாக ஓடப் பழகும் சின்னஞ்சிறு பிள்ளைக்கு அது பொருந்தும். ஓடத் தெரிந்த பிள்ளைக்குப் பொருந்தாது. நிறுத்தும்போது ஆசனத்திலிருந்து முன்னே இறங்கி நிற்றலே முறை. அவ்வாறு நிற்பதற்குப் பாரின் உயரம் உட்கால் நீளத்தைவிடக் குறைவாக இருத்தல் வேண்டும். அண்ணனின் வண்டியில் பார் நிலத்திலிருந்து 77 சென்ரிமீற்றர். தங்கையின் கால் 74. விழுந்ததற்குக் காரணம் அவளுடைய கவனக்குறைவு அன்று. அந்த 3 சென்ரிமீற்றரே.

இரண்டாவது படி: ஆசனக்குழாயின் சாய்வு

ஆசனக்குழாய் நிலைக்குத்தாக இருப்பதில்லை. கிடையுடன் ஏறத்தாழ 73 பாகை கோணத்தில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஆகவே 65 சென்ரிமீற்றரைச் செம்பக்கமாகக் கொண்ட செங்கோண முக்கோணி ஒன்று தோன்றுகின்றது.

பின்னோக்கிய தூரம்: 65 × கோசைன் 73° = 65 × 0.2924 = 19.0 சென்ரிமீற்றர்.
உயரம்: 65 × சைன் 73° = 65 × 0.9563 = 62.2 சென்ரிமீற்றர்.

கோணத்தை 72 பாகையாக்கினால் பின்தூரம் 20.1 ஆகும், 74 பாகையாக்கினால் 17.9 ஆகும். ஒரு பாகை மாற்றத்தால் ஆசனம் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நகர்கின்றது. திரிகோணகணிதம் வாழ்க்கைக்கு எதற்கு எனக் கேட்கும் மாணவருக்கு இதனை விடையாகச் சொல்லலாம்.

மூன்றாவது படி: உடலும் கையும்

இடுப்பு மூட்டு, தோள், கைபிடி ஆகிய மூன்று புள்ளிகளும் ஒரு முக்கோணியை ஆக்குகின்றன. மாணவியின் இடுப்பிலிருந்து தோள் வரை 46 சென்ரிமீற்றர். முழங்கையைச் சற்றே மடித்த நிலையில் தோளிலிருந்து உள்ளங்கை வரை 50. நாளாந்தம் பாடசாலை சென்றுவருவதற்கு உடலுக்கும் கைக்கும் இடைப்பட்ட கோணம் 80 பாகையளவில் இருந்தாற் போதுமென எடுத்துக்கொண்டோம். கோசைன் விதிப்படி:

46² + 50² − 2 × 46 × 50 × கோசைன் 80° = 4616 − 799 = 3817

இதன் வர்க்கமூலம் 61.8. எனவே இடுப்பிலிருந்து கைபிடி வரை ஏறத்தாழ 62 சென்ரிமீற்றர் வேண்டும். அண்ணனின் வண்டியில் ஆசனத்தைச் சரியான உயரத்துக்கு ஏற்றியதும் அத்தூரம் 70 ஆகியது! அதற்குரிய கோணம் 94 பாகை. கழுத்தும் தோளும் இறுகாமல் என்ன செய்யும்?

கணினி செய்யும் உதவி

இவ்வளவையும் தாளிலேயே செய்யலாம். நாமும் முதலில் தாளிலேயே செய்தோம். ஆனால் ஓர் அளவை மாற்றினால் முழுப் படத்தையும் அழித்து மீண்டும் வரையவேண்டும். இந்தத் துன்பத்தை நீக்குவதே வடிவமைப்பு மென்பொருள். 1963இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே ஐவன் சதர்லாந்து என்பவர் உருவாக்கிய 'ஸ்கெச்பாட்' என்னும் செய்நிரலிலேயே, கோடுகளுக்கு நிபந்தனை விதித்து வரையும் முறை தொடங்கிவிட்டது. சைக்கிள் சட்டகத்துக்கெனவே அமைந்த 'பைக்காட்' போன்ற மென்பொருள்களும் உள்ளன. நாம் பயன்படுத்தியது 2002ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்துவரும், எவரும் இலவசமாகப் பெறக்கூடிய 'ஃபிறீகாட்'.

அதிலே மாணவர் செய்த முறை இதுவாகும்:

1. உற்பத்திப் புள்ளியை மிதியச்சாகக் கொண்டு, அதனைச் சுற்றி 16.5 சென்ரிமீற்றர் ஆரையுடைய வட்டம் வரைதல். அது பாதத்தின் பாதை.

2. சில்லுகளை வரைதல். றிம்மின் அளவு 622 மில்லிமீற்றர். ரயர் 37 மில்லிமீற்றர். எனவே விட்டம் 622 + 74 = 696; ஆரை 348. சில்லுகளின் அச்சுகளை இணைக்கும் கோட்டிலிருந்து மிதியச்சு 65 மில்லிமீற்றர் கீழே இருப்பதால், நிலத்திலிருந்து அதன் உயரம் 283 மில்லிமீற்றர்.

3. 73 பாகையில் 65 சென்ரிமீற்றர் நீளமான கோடு ஒன்றை வரைந்து ஆசனத்தைக் குறித்தல்.

4. உடல், கை ஆகியவற்றை இரு கோடுகளாக வரைந்து, இடைக்கோணத்தை 80 பாகையென விதித்தல். கைபிடி எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்பதையும் விதித்தல்.

5. தலைக்குழாயின் உச்சியைக் குறித்து, முன்னீட்டத்தையும் தலையுயரத்தையும் வாசித்தல்.

ஒவ்வொரு கோட்டுக்கும் நீளமும் கோணமும் விதிக்கும்வரை படம் அசைந்துகொண்டே இருக்கும். தேவையான நிபந்தனைகள் யாவும் நிறைவேறியதும் கோடுகள் பச்சை நிறமாக மாறும். முரணான இரு நிபந்தனைகளை விதித்தால் மென்பொருள் எச்சரிக்கும். 'தரவு போதுமா, மிகையா, முரணா?' என யாழ்ப்பாணத்திலே நாம் கரும்பலகையில் எத்தனை முறை கேட்டிருப்போம்! அதே கேள்வியைக் கணினி கேட்டபோது மாணவர் உற்சாகத்துடன் விடை தேடினர்.

கிடைத்த விடை

ஆசனம் மிதியச்சுக்கு 19 சென்ரிமீற்றர் பின்னே உள்ளது. ஆகவே கைபிடி 62 − 19 = 43 சென்ரிமீற்றர் முன்னே இருத்தல் வேண்டும். பழைய வண்டியில் அது 51. மிகை 8 சென்ரிமீற்றர்.

ஒரு மாணவன், "ஆசனத்தை முன்னுக்குத் தள்ளினால் என்ன, சேர்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. தள்ளினால் கை எட்டும். ஆனால் காலுக்கும் மிதிக்கும் உரிய உறவு குலைந்துவிடும். ஆசனத்தின் இடத்தைக் காலே தீர்மானிக்க வேண்டும். கைக்காக அதனை நகர்த்துதல் ஒரு நோவைப் போக்க இன்னொரு நோவை விலைக்கு வாங்குவதாகும். கைபிடியைத் தாங்கும் தண்டை 10 சென்ரிமீற்றரிலிருந்து 7 ஆகக் குறைக்கலாம். எஞ்சிய 5 சென்ரிமீற்றரைச் சட்டகமே குறைத்துத் தரவேண்டும். பழைய சட்டகத்தின் முன்னீட்டம் 41, தேவையானது 36. ஆகவே அந்த வண்டியை எவ்வளவு திருத்தினாலும் அது அவளுக்குரியதாகாது என்பது திரையிலே தெளிவாயிற்று.

மேற்குழாயின் கிடைநீளத்தை மட்டும் பார்த்து ஏமாறுதலும் கூடாது. 52 சென்ரிமீற்றர் மேற்குழாயும் 53 சென்ரிமீற்றர் தலையுயரமும் கொண்ட இரு சட்டகங்களை எடுத்துக்கொள்வோம். ஆசனக்குழாய் 73 பாகையாயின் முன்னீட்டம் 35.8, 75 பாகையாயின் 37.8. பட்டியலிலே ஒரே நீளம். கைக்கோ 2 சென்ரிமீற்றர் வேறுபாடு.

"வளர்ந்துவிடுவாள்தானே?"

தந்தையார் கேட்ட கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. உழைத்துச் சேமிக்கும் பணத்தை ஆண்டுதோறும் வண்டிக்குச் செலவிட எவராலும் முடியாது. நாம் மென்பொருளில் 74ஐ 77 ஆக மாற்றினோம். ஆசனம் 3 சென்ரிமீற்றர் உயர்ந்தது. சாய்வின் காரணமாக ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் பின்னேயும் சென்றது. அதாவது கால் வளர வளர, கைக்குரிய இடமும் தானாகவே சிறிது கூடுகின்றது. மேலும் தேவையானால் சற்று நீண்ட கைபிடித்தண்டு பூட்டலாம். ஆசனத்தண்டை அதிற் பொறிக்கப்பட்டுள்ள எல்லைக்கோட்டுக்கு மேல் உயர்த்தாதிருந்தாற் போதுமானது.

இதிலிருந்து நாம் கண்ட உண்மை ஒன்றே: சற்றுச் சிறிய சட்டகத்தை நீட்டிக்கொள்ளலாம், பெரிய சட்டகத்தைச் சுருக்க முடியாது. வளரும் பிள்ளைக்கு இடம் வைத்து வாங்குவதென்றால், இன்று சரியாகப் பொருந்தி நாளை நீளக்கூடிய வண்டியையே வாங்குதல் வேண்டும். இன்று பொருந்தாது, என்றோ ஒருநாள் பொருந்தக்கூடிய வண்டி சிக்கனமாகாது. 'விரலுக்குத் தக்க வீக்கம்' என்னும் முதுமொழி பணத்துக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று.

அண்ணனின் வண்டி விற்கப்பட்டது. பார் தாழ்ந்து சரிந்த, 36 சென்ரிமீற்றர் முன்னீட்டமுடைய பழைய வண்டி ஒன்று வாங்கப்பட்டது. முதற் கிழமை அவள், "ஆசனம் சரியான உயரமாக இருக்குது சேர், பயமாக இருக்குது" என்றாள். அரைச் சென்ரிமீற்றர் இறக்கினோம். கணினி உடலை உணராது. ஓடிப் பார்த்து உடல் சொல்வதே இறுதித் தீர்ப்பு. சில கிழமைகளில் முழங்கால் நோவு நீங்கியது. நீங்காதிருந்தால் மருத்துவரிடமே அனுப்பியிருப்போம். நோவை அளவுநாடாவால் மட்டும் தீர்க்கலாமென எவரும் எண்ணற்க.

இறுதியாக எமக்கு நாமே சொல்லிக்கொண்ட ஒன்றையும் இங்கே எழுதுகின்றோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கென அமைந்த தமிழ்ப் பாடத்தை, இங்கே பிறந்து டெனிஷ் மொழியிற் சிந்திக்கும் பிள்ளையிடம் கொடுத்து, எட்டவில்லையே என நாம் பலமுறை கடிந்துள்ளோம். மொழி ஒன்றே, பிள்ளையின் அளவு வேறு. இவ்வாண்டு முதல் பாடத்தைக் கொடுக்குமுன் பிள்ளையையும் அளந்து பார்ப்பதென ஆசிரியர்கள் தீர்மானித்துள்ளோம்.

பயிற்சி

1. உமது உட்கால் நீளத்தை மூன்று முறை அளந்து சராசரி காண்க. இரு முறைகளாலும் ஆசன உயரத்தைக் கணித்து, உமது வண்டியின் உயரத்துடன் ஒப்பிடுக.

2. ஆசன உயரம் 70 சென்ரிமீற்றர், ஆசனக்குழாயின் கோணம் 74 பாகை. ஆசனம் மிதியச்சுக்கு எவ்வளவு பின்னே உள்ளது?

3. உமது வண்டியின் மிதியச்சை உற்பத்திப் புள்ளியாகக் கொண்டு, ஆசனத்தினதும் கைபிடியினதும் ஆள்கூறுகளைக் குறித்து வரைக. படத்திலுள்ள பகுதிகளின் பெயர்களைத் தமிழில் எழுதுக.

விடைகளை அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். பெற்றோர் அளவுநாடாவுடன் வந்தால் மேலும் மகிழ்வோம்.